அருள்பிரகாஷின் ஓட்டு

"இன்னிக்கு உங்க இஷ்டம். யாருக்கு வேணும்னாலும் போடுங்க" என்று ஸ்டெல்லாமேரி சொன்னதும் அந்தோணிக்கு வாயெல்லாம் பல். ஒரு மாதச் சண்டையில் பெண்டாட்டி இப்படிப் பொசுக்கென்று இறங்கி வருவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

சண்டை ஓட்டைப் பற்றியது. அந்தோணி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு முத்தியால்பேட்டைக்குத் திரும்பியவர். புதுச்சேரியில் இவர்களைச் சொல்தா என்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதால் அந்த நாட்டு ஜனாதிபதித் தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடலாம்.

ஒரே மகன் அருள்பிரகாஷும் அதே பட்டாளம்தான். இப்போது ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போர்முனையில் இருக்கிறான். தனக்குப் பதிலாக அப்பா ஓட்டுப் போடட்டும் என்று முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தான். ஆக, அந்தோணி கையில் இரண்டு ஓட்டு; இந்தியக் குடியுரிமை உள்ள ஸ்டெல்லாமேரிக்கு ஓட்டு இல்லை.

அந்தப் போரைத் தொடங்கி வைத்தவர் ஜனாதிபதி. ஆறே வாரத்தில் முடிந்துவிடும் என்றார். பதினாலு மாதம் ஆகியும் முடியவில்லை. சவப்பெட்டிகள் வந்து இறங்கியபடி இருக்க, பாரிசில் பாதி ஜனம் தெருவில் நின்று அவரைப் போ போ என்கிறது. அவரோ போன மாதம் டிவியில் தோன்றி, ஈஸ்டருக்குள் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள் என்று சத்தியம் பண்ணிவிட்டார். அந்தோணிக்கு அது போதும். கூடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே ஜனாதிபதி படத்தையும் மாட்டிவிட்டார், கூத்தைக் கேளுங்கள்.

ஸ்டெல்லாமேரி அந்தப் படத்தின் பக்கம் திரும்புவதில்லை. உங்கள் ஓட்டை அந்தப் பாவிக்கே போட்டுத் தொலையுங்கள், என் பிள்ளை ஓட்டை மட்டும் போடக் கூடாது, அவனை அங்கே அனுப்பினதே அந்த ஆள்தானே என்று தினமும் காப்பியோடு சேர்த்து ஆற்றுவாள். அவள் கேட்டதெல்லாம் மகன் முழுசாகத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். அந்தோணி கேட்டதும் அதேதான். பாதி வழியில் ஆளை மாற்றினால் பிள்ளையைக் கூட்டி வருவதாகச் சொன்னவனும் இருக்க மாட்டான் என்பது அவர் வாதம். உள்ளுக்குள் அவருக்கும் பயம்தான். பயத்துக்குத்தான் அத்தனை சத்தம்.

அப்படிப்பட்டவள் இன்றைக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவர் முதல் பூசை முடிந்து வந்தபோது சமையல்கட்டில் இரண்டு காப்பிக் கோப்பைகள் கழுவாமல் கிடந்தன. யார் வந்தது என்று கேட்டார். ஓட்டுக் கேட்டு வந்திருப்பார்கள் என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். சந்தோஷத்தில் இருக்கிற மனுஷன் எதைத்தான் துருவிக் கேட்பான்?

கோட்டில் பழைய மெடல்களைக் குத்திக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். ஸ்டெல்லாமேரியும் துணைக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் மகனுக்காக மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிறவள் ஆயிற்றே, போகிற வழியில் கோயிலில் நிறுத்தட்டுமா என்றார்.

"வேணாங்க. நேரா போங்க."

ஓட்டுச்சாவடி கடற்கரைப் பக்கம். வெயிலில் நீள வரிசை. அவரோடு பட்டாளத்தில் இருந்த ராஜாங்கம் முன்னால் நின்றிருந்தார். மெடலைப் பார்த்ததுமே அந்தோணி ஜனாதிபதிக்குத்தான் போடுவார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பென்ஷனில் கை வைத்தவன், பொய் சொல்லிப் போருக்கு இழுத்தவன், இன்னொரு தரம் இவனுக்கு ஓட்டுப் போட்டால் நம்மைப் போல முட்டாள் கிடையாது என்று கொட்டித் தீர்த்தார். அந்தோணி ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். தலைவன் என்றால் தப்பும் நடக்கும், சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவகாசம் கொடுக்க வேண்டாமா என்று மடக்கினார்.

ராஜாங்கம் குரலைத் தாழ்த்தினார். "பெத்த புள்ளைய அங்க விட்டுட்டு அவனுக்கு ஓட்டுப் போட உனக்கு எப்படிய்யா மனசு வருது?"

"ஈஸ்டருக்கு ரெண்டே வாரம். எம்புள்ள வந்து நிப்பான், அப்ப பேசு" என்றார் அந்தோணி. "எங்க வீட்டம்மாவே மனசு மாறிட்டா. வேணும்னா கேட்டுப் பாரு."

ராஜாங்கம் ஸ்டெல்லாமேரியைப் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவர் வரிசையோடு முன்னால் நகர்ந்தார்.

உள்ளே மேசையில் ஒவ்வொரு வேட்பாளர் பெயரும் அச்சடித்த சீட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. வேண்டிய சீட்டைத் திரைக்குப் பின்னால் கவரில் போட்டு, பெட்டியில் போட வேண்டும். மேசையில் இருந்தவர் அந்தோணியின் அட்டையையும் மகன் எழுதிக் கொடுத்த தாளையும் சரிபார்த்து இரண்டு கவர் கொடுத்தார். யாருக்கு என்று தெரியாமல் இருக்க எல்லாச் சீட்டிலும் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறைக்க என்ன இருக்கிறது என்று அந்தோணி ஜனாதிபதியின் சீட்டை மட்டும், எல்லாரும் பார்க்க, இரண்டாக எடுத்தார்.

திரைக்குப் போகத் திரும்பியவரின் கையை ஸ்டெல்லாமேரி பிடித்தாள். ஒரு கவரை அவர் விரலிலிருந்து மெல்ல உருவி மேசையில் வைத்தாள்.

கடைசி நேரத்தில் மறுபடியும் ஆரம்பிக்கிறாளே என்று அந்தோணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இங்க வந்து வம்பு பண்ணாத, ஸ்டெல்லா. அது புள்ளையோடது."

அவள் கையை விடவில்லை. குரலும் உயரவில்லை.

"செத்தவங்களுக்கு ஓட்டு கிடையாதுங்க. நீங்க போய் உங்களதப் போட்டுட்டு வாங்க."