ஓட்டை அட்டைகள்

"இன்னாம்மா இது, தறியா பள்ளிக்கூடமா?"

செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார் தனகோடி. முள்ளிப்பட்டில் பாதித் தறிகளுக்குப் பாவும் ஜரிகையும் கொடுக்கிற முதலாளி. வாரா வாரம் தறி பார்க்க வருவார்.

தேவகி நெய்வதை நிறுத்தினாள். அவள் கண்ணுக்கு நேராகக் கயிற்றில் கோத்த அட்டைகள் தொங்கின. புடவையில் பூ விழுவதற்காக ஜக்கார்டு பெட்டியில் மாட்டுகிற ஓட்டை அட்டைகள்தான். தேய்ந்துபோய்க் கழித்துப் போட்டவை. ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்து, அட்டைக்கு ஒரு கேள்வி, ஒரு பதில் எழுதியிருந்தாள். எந்த நதி எங்கே பிறக்கிறது, எந்த ஒப்பந்தம் எந்த வருஷம் என்று நெய்துகொண்டே படிக்கலாம்.

"சர்வீஸ் கமிஷன் பரீட்சைங்க. பொது அறிவு. இந்த வாட்டி உட்டா வயசு தாண்டிடும்."

"பொம்பளைக்கு எதுக்கு சர்க்கார் உத்தியோகம்? பட்டுல மை பட்டா எவன் வாங்குவான்? அட்டை என்னுது. குடு இங்க, அடுப்பெரிக்கவாவது ஆவும்."

கயிற்றோடு அவிழ்த்து மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டார்.

தேவகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அட்டை திரும்பி வருமா? மறுநாளே ஆரணி நூலகத்துக்கு நடந்தாள். சரிபார்த்துச் சரிபார்த்து மறுபடி எழுதினாள். முதலில் எழுதியதில் ஒன்று தப்பு என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வாரமும் அவிழ்த்துக்கொண்டு போனார். அதற்கடுத்த வாரமும்.

"உடமாட்ட போலக்கீதே! தறியே வேணாமா உனக்கு?"

"தறியும் வேணுங்க, பரீட்சையும் வேணும். நீங்க எடுத்துகினே இருங்க, நான் எழுதிகினே இருக்கேன்."

நாலாவது தடவை எழுத அவளுக்கு நூலகம் தேவைப்படவில்லை.

பரீட்சை அன்று வேலூரில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஏறியவளை, "தேவகிக்கா! நீங்களுமா?" என்று ஒரு குரல் பிடித்து நிறுத்தியது. தனகோடியின் ஒரே மகள் ஜெயம்.

"நீ எங்க இங்க?"

"பரீட்சைக்குத்தான். எங்கப்பா ஆறு மாசமா ஒரே புடியா படிக்க வெச்சிகினு கீறாரு. பொம்பளைக்கு உத்தியோகம்தான் சொத்தாம்."

ஜெயம் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மடியில் வைத்து முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஓட்டை அட்டைகள். கட்டியிருந்த கயிறுகூடத் தேவகி திரித்ததுதான்.

"இது ஏது ஜெயம்?"

"மெட்ராஸ்ல யாரோ பெரிய வாத்தியாராம். அப்பா சொல்லி எழுதி வாங்கியாந்தாரு. வாரத்துக்கு ஒரு கட்டு வரும், எல்லாம் அதே கேள்விதான். நான் மொத கட்டையே வெச்சிகினு படிக்கிறேன். நல்லா கீதுக்கா."

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். இவர் ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு உபதேசம் வைத்திருந்தார்.

"தாஷ்கண்ட் ஒப்பந்தம், அறுபத்தஞ்சு... அறுபத்தஞ்சு..." ஜெயம் கண்ணை மூடி உருப்போட்டாள்.

முதல் வாரத்து அட்டை. அந்தத் தப்பு.

பேசாமல் இருந்தால் போதும். வேலையோ பத்தோ இருபதோ. எழுத வந்ததோ பள்ளிக்கூடம் கொள்ளாத கூட்டம். ஒரு மார்க்கில் ஆள் முன்னே பின்னே ஆகிவிடும். இவளுக்கு இன்னும் எத்தனையோ பரீட்சை உண்டு, தனக்கு இதுதான் கடைசி.

மணி அடித்தது. ஜெயம் எழுந்தாள்.

"ஜெயம், அது அறுபத்தாறு. மாத்திக்கோ."

"போங்கக்கா. அவ்ளோ பெரிய வாத்தியாரு தப்பா எழுதுவாரா?"

"எழுதுவாரு," என்றாள் தேவகி. "அன்னிக்கி இழை அறுந்துகினே இருந்திச்சி. அந்த பேஜார்ல மாத்தி எழுதிட்டேன்."