மலைக்கு வைத்த பேர்

"ஃபின்லேன்னு எழுதுங்க" என்றார் டூகல் பதிவாளரிடம், மருமகள் நாற்காலியில் உட்காருவதற்குள்.

எஃபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளையைப் பெற்றவள் அவள். பேர் சொல்ல மட்டும் மாமனார்.

பிறந்து இருபத்தோரு நாளைக்குள் பதிந்தாக வேண்டும் என்பது ஸ்காட்லாந்துச் சட்டம். இன்று இருபத்தோராம் நாள். இருபது நாளும் அவள் பிடி கொடுக்காமல் இழுத்தடித்தாள். அதனால்தான் கிழவர் துணைக்கு என்று சொல்லிக்கொண்டு காவலுக்கு வந்திருந்தார்.

அந்தப் பள்ளத்தாக்கில் பேர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. தலைமகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பேர். தகப்பன் செத்த பிறகு பிறந்தால் தகப்பன் பேர். அவ்வளவுதான்.

அதனால் ஊரே முடிவு கட்டிவிட்டது. சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்த பெண்கள் தொட்டிலுக்குள் குனிந்து "குட்டி ஃபின்லே" என்று கேலிக் மொழியில் கொஞ்சினார்கள். ஒருத்தியைச் சூப்புப் பானையோடு வாசலுக்கு வெளியே அனுப்பினாள் எஃபி.

அவளுக்குப் புருஷன் மேல் ஆத்திரம் தீரவில்லை என்று ஊரில் பேச்சு. அது பொய்யில்லை. எட்டு மாத வயிற்றோடு கதவை மறித்து நின்றவளைச் சிரித்துக்கொண்டே விலக்கிவிட்டு, பனியில் சிக்கிய மான்களைப் பார்க்க மலைக்குப் போனான் ஃபின்லே. அவனுக்கு மான் காவல் வேலை.

"போ, போய்த் தொலை" என்றாள். அவனிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

பதிவாளர் அம்மாள் ஊருக்குப் புதிது. யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் பேனாவைத் திறந்து மூடினார்.

சுவரில் வரைபடம் தொங்கியது. டூகல் கைத்தடியால் தொட்டுக் காட்டினார். இங்கே ஃபின்லே மலை. அதன் அடியில் ஃபின்லே ஊற்று. வடக்கே தூரத்தில் இன்னொரு ஃபின்லே மலை. எந்தக் காலத்து ஃபின்லேயோ, அவருக்கும் தெரியாது.

"ஒண்ணுக்கு ரெண்டு மலை எம்புள்ள பேர்ல நிக்குது. என் பேரனுக்கு மட்டும் அந்தப் பேர் ஆகாதா?"

"மலைக்குத்தான் வச்சாச்சே மாமா. விடுங்க."

"பெத்தவங்க சொல்லட்டும்" என்றார் பதிவாளர். "நீ சொல்லும்மா."

"டூகல்" என்றாள் எஃபி.

கைத்தடி வரைபடத்திலிருந்து வழுக்கியது.

வேறொரு கிழவராக இருந்தால் தன் பேரைக் கேட்டுப் பூரித்துப்போயிருப்பார். இவர் முகம் வெளுத்தது. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"வேணாம்மா" என்றார். "அந்தப் பேர வைக்காத."

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பேர் பதிவேட்டில் ஏறும்வரை பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனா தகப்பன் கட்டத்துக்கு வந்து நின்றது. பதிவாளர் குரலைத் தாழ்த்தினார். "தகப்பனார் காலமாயிட்டார்னு கேள்விப்பட்டேன்." பக்கத்தில் இருந்த இறப்புப் பதிவேட்டைப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். "இதுல காணோமே. என்ன தேதி?"

டூகல் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ஜன்னலுக்கு வெளியே மலை உச்சியில் ஏப்ரல் மாதத்துப் பனி இன்னும் கிடந்தது. மீட்புக்குழு ஃபின்லேயைத் தேடி ஒன்பது நாள் குத்திக் கிளறிய பனி. ஒரு கையுறைகூட அகப்படவில்லை. ஒன்பதாம் நாள் பனிச்சரிவில் குழு ஆட்கள் இரண்டு பேர் மயிரிழையில் தப்பினார்கள். அன்று சாயங்காலம் அத்தனை பேர் முன்னாலும் தொப்பியைக் கழற்றிக் கும்பிடாத குறையாக நின்று, தேடுதலை நிறுத்தச் சொன்னவர் டூகல்.

எஃபி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"போதும்னு சொன்னது நீங்க மாமா" என்றாள். "நான் இன்னும் சொல்லல."