ஒட்டியிருந்த தாள்கள்

படக்கதைப் புத்தகத்தின் கடைசி இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நூலகர் அலமு முகர்ந்து பார்த்தாள். தறிக்காரர்கள் பாவு நூலை விறைப்பாக்கப் போடும் கஞ்சியின் வாடை.

எதிரே பிள்ளையார்பாளையத்து நெசவாளி கலியாணசுந்தரம் நெளிந்தார். மகளுக்காக நேற்று இதை எடுத்துப்போனபோதே, அட்டையில் புலியோடு மல்லுக்கட்டும் சிறுமியை அவர் உற்று உற்றுப் பார்த்தது அலமுவுக்கு உறுத்தியிருந்தது.

"பொண்ணு ஜெயிச்சா உங்களுக்குப் பொறுக்காதோ?"

"ஐயோ, அப்படி இல்லம்மா!"

"அப்புறம் ஏன் முடிவை மறைச்சீங்க? உங்க பொண்ணு கார்டை ரத்து பண்ணிடப் போறேன்."

"வேணாம்மா! எம்பொண்ணு தையல்நாயகி ராத்திரி இந்தப் புஸ்தகத்தைக் கட்டிப்புடிச்சிக்கினுதான் தூங்குச்சு."

"கதை விடாதீங்க."

அலமு கொண்டை ஊசியை நுழைத்துத் தாள்களைப் பிரித்தாள். உள்ளே, புலியை வீழ்த்திய சிறுமியிடம் அரசர் சொல்லிக்கொண்டிருந்தார்: 'வாளை உன் அண்ணனிடம் கொடு. பெண்ணுக்கு அடுப்படியே அழகு.' அடுத்த படத்தில் அண்ணன் யானைமேல் போனான். சிறுமி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

அலமு நிமிர்ந்தாள்.

"அதுக்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி நான் எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டேன்மா," என்றார் அவர் மெல்ல. "புலி விழுந்ததோட கதை முடிஞ்சிடுச்சுன்னு எம்பொண்ணு நம்பிக்கினு இருக்குது. சொல்லிடாதீங்கம்மா."