விருப்பப் பொருள்

"அந்தத் தப்பிக்கிற கூண்டைக் கழட்டு தர்மா. அது ஒண்ணே ஆறு எடையத் தின்னுது" என்றார் ராசாங்கம்.

"இருக்கட்டுங்க சார்" என்றான் தர்மன்.

ராசாங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஸ்டோர் கிளார்க் அவர். மேஜைமேல் விரித்திருந்தது, சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்து கொடுத்த விளையாட்டுப் பெட்டி. அட்டையில் கடல், கடலுக்குள் சண்டை போடும் நீர்மூழ்கிக் கப்பல்கள். ஒரு கப்பல் இருபது எடைதான் தாங்கும். அதற்குள் டார்பிடோ குண்டோ, எதிரியின் சத்தம் கேட்கும் கருவியோ, வலை அறுக்கும் கத்தியோ, எதை மாட்டுவது என்பது ஆடுகிறவர் பாடு.

இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் ராசாங்கமே தமிழில் பட்டியல் எழுதி வைத்திருந்தார். 'அவசியம்' என்று ஒரு பக்கம், 'விருப்பப் பொருள்' என்று ஒரு பக்கம். கப்பல் உடைந்தால் உள்ளே இருக்கும் மூன்று பேரை மேலே கொண்டுவரும் கூண்டு, விருப்பப் பக்கத்தில் கடைசி வரி. அந்த மூன்று பொம்மை ஆட்களும் தொலைந்துபோய் மாதக்கணக்காகிறது. இப்போது புளியங்கொட்டைதான்.

அரியலூர் குவார்ட்டர்ஸில் ஞாயிறுதோறும் ஆட்டம். ராசாங்கமும் பம்ப் செக்ஷன் அரியமுத்துவும் ஜோடி சேர்ந்தால் தோல்வியே கிடையாது. அந்தத் தெம்பில்தான், எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் அமிர்தலிங்கத்தையும் சிங்காரவேலுவையும் போட்டிக்குக் கூப்பிட்டார். ஜெயித்தவர்கள் பெட்டியைப் பொங்கல் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று வாய்விட்டதும் அவர்தான்.

இந்த நேரம் பார்த்து அரியமுத்து, சுரங்கத்துத் தண்ணீர் இறைக்கும் பம்புக்குழியில் வழுக்கி விழுந்து, கால் ஒடிந்து வீட்டில் கிடக்கிறான். இருபது நாளாகிறது. "நல்ல நேரம் பார்த்தான் காலை ஒடிச்சுக்க" என்று அலுத்துக்கொண்டதோடு சரி, ராசாங்கம் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

காலையில், "அரியமுத்துக்குப் பதிலா நான் ஆடுறேங்க" என்று தர்மன் வந்து நின்றான். அவனும் பம்புக்காரன்தான். ஆட்டத்தை நாலைந்து தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்றுதான் ராசாங்கம் நினைத்தார்.

ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது. கூண்டு மாட்டியதில் தர்மனின் கப்பலில் ஒரே ஒரு டார்பிடோதான். அது குறி தவறியது. அமிர்தலிங்கம் விட்ட டார்பிடோவில் கப்பல் இரண்டாகப் போயிற்று.

தர்மன் மூன்று புளியங்கொட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அட்டையின் ஓரத்தில் வைத்தான்.

"மூணு பேரும் மேல வந்துட்டாங்க" என்றான்.

சிங்காரவேலு விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்து ராசாங்கத்தின் கப்பலும் மூழ்கியது.

அமிர்தலிங்கம் பெட்டியைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "இந்தத் தமிழ்ப் பட்டியலை நீங்களே வச்சுக்குங்க. எங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்."

அவர்கள் பஸ்ஸுக்குப் போனதும் ராசாங்கம் வெடித்தார்.

"மூணு புளியங்கொட்டையக் காப்பாத்தறேன்னு எம் மானத்தையே வாங்கிட்டியேடா. அதுக்கென்ன பொண்டாட்டி புள்ளையா இருக்கு?"

தர்மன் தலைகுனிந்தபடி சொன்னான்.

"அரியமுத்து விழுந்தப்ப நானும் குழிக்குள்ளதாங்க இருந்தேன். ஏறி வர ஏணி இல்ல. ஒண்ணரை மணி நேரம் இடுப்புத் தண்ணியில அவனத் தோள்ல தாங்கிக்கிட்டு நின்னேன். கூண்டைக் கழட்ட மனசு வரலீங்க சார்."

ராசாங்கத்தின் கோபம் சட்டென்று வேறு பக்கம் திரும்பியது.

"ஏணி இல்லாமலா குழியில எறக்குறாங்க? கேக்கறதுக்கென்ன?"

"ஏணியும் இடுப்புக் கயிறும் வேணும்னு வைகாசியிலேயே ஸ்டோருக்கு எழுதிக் கொடுத்தோம். அடிச்சுத் திருப்பிட்டாங்க."

"எந்த அறிவுகெட்டவன் அடிச்சான்? பேரைச் சொல்லு. நாளைக்கே மேனேஜர்கிட்டக் கொண்டுபோறேன்."

தர்மன் மேஜைமேல் கிடந்த பட்டியலை எடுத்து மடித்து, அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"திரும்பி வந்த தாள்லயும் இப்படித்தாங்க எழுதியிருந்துச்சு. விருப்பப் பொருள்னு."

ராசாங்கம் பட்டியலைப் பிரித்துத் தன் எழுத்தைப் பார்த்தார். வைகாசியில் ஒரே நாளில் முப்பது நாற்பது வரிகளை 'விருப்பப் பொருள்' என்று சிவப்பு மையில் அடித்திருந்தார். சிக்கனமான ஆள் என்று மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அதில் ஏணி இருந்ததா கயிறு இருந்ததா என்று அவருக்கு நினைவுகூட இல்லை.

"தொழிற்சங்கத்துல... தெரியுமா?" என்றார். கேட்ட மறுநொடியே கூசிப்போனார். கால் எப்படி இருக்கிறது என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்.

"புதன்கிழமை சங்கத்து ஆளுங்க அரியமுத்து வூட்டுக்கே வந்தாங்க. தாளைக் காட்டி, ஸ்டோர்ல இருக்கிற நாலு கிளார்க்குல இது யாரு எழுத்துன்னு கேட்டாங்க. ஒரு வருஷமா உங்க பட்டியலைப் பார்த்து ஆடுனவனுக்குத் தெரியாதுங்களா?"

"என்ன சொன்னான்?"

"தெரியலைன்னுட்டான்."

ராசாங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். நிமிர்ந்து தர்மனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தர்மன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"அவங்க போனப்புறம் என்னைக் கூப்பிட்டான். 'ஞாயித்துக்கிழமை எறையூர்க்காரங்க வராங்க, சாரு தனியா மாட்டிக்குவாரு, எனக்குப் பதிலா நீ போய் ஆடு'ன்னான். அதாங்க வந்தேன்."