அம்மா பேரு மேல வரணும்

"என் பேரு செமிசி. வயசு இருபத்தாறு. இருக்கறது இங்கதான், பண்டபெர்க்ல, கிழங்குப் பண்ணைப் பக்கம்."

அச்சுக்கடை நோரீன் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"கல்யாணப் பத்திரிகை அடிக்கத்தானே கண்ணு வந்திருக்க? போலீஸ்காரன் கேட்ட மாதிரி ஒப்பிக்கிற?"

செமிசி சிரிக்க முயன்றான். டோங்காவை விட்டு ஆஸ்திரேலியா வந்த மூன்று வருடத்தில், எந்தக் கவுன்டரில் நின்றாலும் இந்த மூன்றும் வாயிலிருந்து தானாக வந்துவிடுகின்றன.

"பொண்ணு எங்க?"

"வேலைக்குப் போயிருக்கா ஆன்ட்டி."

"சனிக்கிழமையிலுமா?"

"மருந்துக்கடை. லீவு கிடைக்கல."

நோரீன் தடித்த ஆல்பம் ஒன்றை மேசைமேல் விரித்தாள். தந்த நிறத் தாள், ஓரத்தில் தங்கக் கோடு போட்டது, யூகலிப்டஸ் இலை வரைந்தது என்று பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. செமிசியின் நகக்கண் முழுக்கச் செம்மண். எதையும் தொடாமல் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"நீலம்." கொஞ்சம் யோசித்தான். "இல்ல, மஞ்சள்."

"அடப்பாவி! எங்க வீட்டுக்காரருக்கு நாப்பது வருஷமா என் கண்ணு என்ன கலர்னே தெரியாது. நீயும் அதே ரகம்தான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"சரி, பதில் அட்டை வைக்கணும்ல? வர்றோம், வரலைன்னு எழுதித் திருப்பி அனுப்புவாங்களே, அது."

"வேண்டாம் ஆன்ட்டி."

"அப்புறம் எத்தனை பேருக்குச் சாப்பாடுன்னு எப்படித் தெரியும்?"

"நான் போன்ல கேட்டுக்கறேன்."

"பரிசு வேணாம், பணமா உண்டியல்ல போடுங்கன்னு ஒரு சின்னச் சீட்டு? இப்பல்லாம் யாரும் கூச்சமே படறதில்ல."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்!" காது மடல் சுட்டது அவனுக்கு.

"எல்லாமே வேண்டாம்னா என்னதான்டா வேணும்?"

"அம்மா பேரு. அது மேல வரணும், பெருசா. சலோதே லவீனியா லத்து. பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே முழுசா போடணும். தாயார் நேர்ல இருந்து நடத்தி வைக்கற கல்யாணம்னு ஒரு வரியும் வரணும்."

நோரீன் பேனாவை நிறுத்தினாள். "பொண்ணைப் பெத்தவங்க பேருதான் கண்ணு முதல்ல வரும். அதான் இங்க முறை. சம்பந்தி சண்டைக்கு வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்க."

"நல்ல சம்பந்தி! எங்க பிடிச்ச?"

செமிசி சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"ரெண்டு தடவை அம்மாவுக்கு விசா கேட்டாச்சு ஆன்ட்டி. வர்றதுக்குத் தகுந்த காரணம் இல்லைன்னு ரெண்டு தடவையும் திருப்பிட்டாங்க. கல்யாணப் பத்திரிகை வச்சு அனுப்பினா கிடைக்கும்னு பண்ணையில பசங்க சொன்னாங்க."

"பெத்த பிள்ளையைப் பாக்கறது ஒரு காரணம் இல்லையாமா?"

"அவங்களுக்குச் சர்க்கரை. ஒரு கண்ணு போயிடுச்சு. இன்னொண்ணும் மங்கிட்டே வருது. போன்ல முகத்தைக் காட்டினா, 'கிட்ட வாடா, இன்னும் கிட்ட வா'ங்கறாங்க. நான் போனை மூக்குமேல வச்சுக்கிட்டு நிக்கறேன். அதுவும் போறதுக்குள்ள என்னை ஒரு தடவை பாத்துடணும்."

"அப்ப நீ ஊருக்கே போய்க் கட்டிக்கயேன்?"

"இங்க தங்கறதுக்கான என் பேப்பர் இன்னும் முடியல. இப்பப் போனா திரும்பி விடமாட்டாங்க."

நோரீன் கடிதத்தைப் படித்தாள். மடிப்புக் கலையாமல் மடித்துத் திருப்பித் தந்தாள். ஆல்பத்தைச் சட்டென்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினாள்.

"இந்தத் தாள்லதான் அடிக்கறோம். கடையிலேயே தடியானது இதான். அந்த ஆபீஸ்ல எடுத்துப் பாக்கறவனுக்குக் கை கனக்கணும். தேதி எப்ப?"

"விசாவுக்கு எத்தனை நாளாகும்னு தெரியல..."

"மூணு மாசம் தள்ளிப் போடு. எந்தச் சர்ச்?"

"எங்க ஊர்க்காரங்க கூடற சர்ச்தான்." சொல்லும்போதே ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று கை குலுக்கும் பாதிரியாரின் முகம் கண்முன் வந்தது. நோரீன் சர்ச் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா வந்ததும் பொண்ணையும் கூட்டிட்டு நேரா இங்க வரணும், தெரிஞ்சுதா? கல்யாண கேக் நான் போடறேன். மறுபேச்சே பேசக் கூடாது."

தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவனுக்கு. புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் செம்மண் ஒட்டிக்கொண்டது.

"மாப்பிள்ளை அழலாமா? பொண்ணு பாத்தா வேற ஆளைத் தேடிக்குவா!" என்று ஒரு காகிதக் கைக்குட்டையை அவன் பக்கம் தள்ளினாள். பிறகு படிவத்தை மேலிருந்து கீழாக விரலால் ஓட்டிப் பார்த்தவள், நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"பேச்சு சுவாரஸ்யத்துல பொண்ணு பேரையே கேக்கல பாரு! சொல்லு, கண்ணு."

செமிசி வாசலைப் பார்த்தான். ஆல்பத்தைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"நம்பற மாதிரி நல்ல பேரா ஒண்ணு நீங்களே போட்டுக் குடுத்துடுங்க ஆன்ட்டி."