எழுபத்தைந்தரை கிலோ

எடை மெஷினில் ஏறி நின்ற ஜானகிராமன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"எழுபத்தஞ்சரை!" என்று ரேணுகா உரக்கப் படித்தாள். ஷெட்டில் இருந்த மற்ற ஒன்பது பேரும் கை தட்டினார்கள்.

"அடிச்சிட்டியே அண்ணாத்த!" என்றான் ஆட்டோ ஓட்டும் தீனதயாளன். "ஒன்ற மாசமா எழுபத்தாறுலயே ஆணி அடிச்ச மாரி நின்னுகினு இருந்துச்சி. இன்னிக்கு அசைஞ்சிகீது பாரு. இன்னா, ராத்திரி பரோட்டாவ நிறுத்திட்டியா?"

"இன்னும் அரை கிலோதான். நாளைக்கு சாருக்கு சால்வை!" என்றாள் தையல்கடை கண்ணகி.

ஜானகிராமன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். பெல்ட்டில் ஆணியால் புதிதாகக் குத்திய இரண்டு ஓட்டைகள்.

கூடுவாஞ்சேரியில் தன் வீட்டுக் கார் ஷெட்டில் ரேணுகா நடத்தும் இயற்கை உணவு மையம் அது. காலை ஆறு மணிக்குக் கொள்ளுக் கஞ்சி, முருங்கைக்கீரை சூப், கொஞ்சம் ஆளிவிதைப் பொடி, ஒரு சுருள்பாசி மாத்திரை. மொத்தமே பத்து நாற்காலிதான். ஆளுக்கு ஒரு எடை குறித்துக் கொடுத்திருப்பாள். அதைத் தொட்டவருக்குச் சால்வை போட்டு, போட்டோ எடுத்து, கை தட்டி அனுப்பி வைப்பாள். அந்த நாற்காலி காத்திருப்பவருக்குப் போய்விடும்.

ஜானகிராமனுக்குக் குறித்தது எழுபத்தைந்து. வந்து சேர்ந்தபோது எண்பத்திரண்டு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், முட்டி கடகடவென்று சத்தம் போடும். முதல் மண்டலம் முடிவதற்குள் ஆறு கிலோ மளமளவென்று இறங்கியது. முட்டி வலியும் விட்டுப் போனது. அதற்கப்புறம்தான் எழுபத்தாறில் வந்து நின்றுகொண்டது.

கல்பாக்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. கூட வேலை பார்த்தவர்கள் தஞ்சாவூர், தூத்துக்குடி என்று அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். எப்போதோ வாங்கிப் போட்ட மனையில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு இவர் இங்கே வந்தார்.

தெருவில் அவர் வீடு ஒன்றுதான். சுற்றிலும் காலி மனை, வேலிக்காத்தான் முள். பக்கத்து மனையில், வீடு கட்டப்போவதாக யாரோ ஜல்லி இறக்கிவிட்டுப் போனார்கள். இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. பால்காரர்கூட கேட்டில் தொங்கும் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் முகம் எப்படி இருக்கும் என்று ஜானகிராமனுக்குத் தெரியாது.

எடை பார்த்ததும் ரேணுகா நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வருவாள். அது அங்கே வழக்கம்.

"சார், நேத்து ராத்திரி இன்னா சாப்டீங்க?"

நாள் முழுக்க யாராவது அவரிடம் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். வருகிற வழியெல்லாம் பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவார்.

"ரெண்டு கேழ்வரகு தோசைம்மா. புதினா சட்னி. தேங்காய் போடலை."

"புதினாவ வதக்கினீங்களா, பச்சையா அரைச்சீங்களா?"

"வதக்கித்தான். கொஞ்சம் பெருங்காயம் போட்டு."

"ஒண்டி ஆளு, சட்னி வேற அரைக்கிறியா?" என்றான் தீனதயாளன். "எங்க வூட்ல நாலு பேரு கீறோம். பொடி தொட்டுகினு துன்றோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஜானகிராமனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கும்.

அப்போது கேட்டுக்கு வெளியே இருந்து எல்லம்மாள் எட்டிப் பார்த்தாள். முட்டி வலியோடு மூன்று வாரமாக இடத்துக்குக் காத்திருக்கிறவள். "இன்னா ரேணுகா, நாளைக்கு எனக்கு சேர் கெடைச்சிடுமா?"

"நாளைக்கு காலைல வாங்கக்கா, பாக்கலாம்."

எல்லம்மாள் ஜானகிராமனின் நாற்காலியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள்.

ஏழு மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். ஜானகிராமன் மட்டும் போகாமல் சூப் டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அது நான் பாத்துக்கறேன், வைங்க சார்."

"இருக்கட்டும்மா." கடைசி டம்ளரையும் அடுக்கினார். "மெஷின் ஏதாவது தப்பாக் காட்டுதோ?"

"பேட்டரி நேத்துதான் மாத்துனேன்."

"ஓகோ." கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தார். "நாளைக்கு சால்வை எல்லாம் வேணாம்மா. போட்டோ மட்டும் எடுங்க. எல்லாரும் இருக்கற மாதிரி எடுங்க. ஒரு காப்பி எனக்குக் கொடுங்க."

ரேணுகா அவர் பேண்ட் பாக்கெட்டை ஒரு தரம் பார்த்தாள். நோட்டை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, பேண்ட்டை ஒரு தடவை தூக்கி விட்டுக்கொண்டு, கேட் வரைக்கும் போய்விட்டார்.

"சார்!"

திரும்பினார்.

"எல்லம்மாக்காவுக்கு வூட்லருந்து ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டுக்கறேன். உங்க சேர் உங்களுக்குத்தான்."

அவருக்குப் புரியவில்லை. "நாளைக்கு நான் எழுபத்தஞ்சு வந்துட்டேன்னா?"

ரேணுகா தெருவை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நாளைக்கு பாக்கெட்ல ஜல்லிய இன்னும் ரெண்டு பிடி ஜாஸ்தியா போட்டுகினு வாங்க, சார்."