ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை

“இதெல்லாம் காயலான் கடைக்குத்தான் போவும்” என்றார் சிங்காரம். பழைய சைக்கிள் வாங்கி விற்பவர் அவர். பிடித்த சைக்கிளைத்தான் அதிகம் திட்டுவார்.

இது ரொம்பவே பிடித்திருந்தது. புதுச்சேரி ஓட்டல்காரர் ஒருவர் வாசலில் அழகுக்கு நிறுத்தி வைக்க இப்படி ஒரு பழைய சைக்கிளைத்தான் கேட்டிருந்தார். இன்றைக்குள் கிடைக்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டார். அதனால்தான், விற்க ஒரு சைக்கிள் இருக்கிறது என்று போன் வந்ததும் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு இந்த ஓட்டம்.

“எங்க வூட்டுக்காரரு சிங்கப்பூர் போனதுலேர்ந்து சும்மாதாண்ணே நிக்குது” என்றாள் கொளஞ்சியம்மாள். “ரெண்டு வருஷமாச்சு.”

கேரியரில் ஒரு முளைக்கீரைத் தண்டு வாடாமல் மாட்டிக்கொண்டிருந்தது. சிங்காரம் அதை எடுத்துப் போட்டுவிட்டு பிரேமில் விரிசல் தேடினார். இல்லை.

ஓட்டிப் பார்க்காமல் அவர் வாங்குவதில்லை. மங்கலம்பேட்டையில் ஒருமுறை அப்படி வாங்கிப் பட்டது போதும். ஆனால் காற்றில்லாத சைக்கிளை எப்படி ஓட்டுவது? பையைத் திறந்து பஞ்சர் ஒட்டினார். பின்சக்கரத்தில் கோட்டம் எடுத்தார். செயினைக் கழுவி எண்ணெய் விட்டார்.

வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. “முன்சக்கரத்தப் புடிக்கிற போர்க்கு வளைஞ்சிருக்கும்மா. பெடலு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு.”

அவள் மோர் கொடுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

தெருக்கோடி வரை ஓட்டினார். சைக்கிள் வழுக்கிக்கொண்டு போனது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

“பிரேக் புடிக்கல. கட்டை தேஞ்சுபோச்சு. இந்த மாடலு கட்டை எங்கிட்ட இல்ல, இன்னொரு யாவாரி அந்தோணிசாமிகிட்டதான் இருக்கும். சரி, வந்தது வந்துட்டேன், எடுத்துக்கறேன். வெலயச் சொல்லு.”

“வேணாண்ணே. இவ்ளோ கொறை இருக்கிற வண்டிய உங்க தலையில கட்டுனா அந்தப் பாவம் என்னைச் சும்மா வுடாது.”

சிங்காரம் தான் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிப் பார்த்தார். போர்க் நேராகத்தான் இருக்கிறது என்றார். தானே ஒரு விலை சொல்லி, அதையும் ஏற்றினார். அவள் மசியவில்லை. சிங்காரம் வெறுங்கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அவர் தெரு திரும்பியதும் கொளஞ்சியம்மாள் கீரைக்கூடையைக் கொண்டுவந்து கேரியரில் கட்டினாள். பெடலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, போனில் அடுத்த நம்பரைத் தட்டினாள்.

“அந்தோணிசாமி அண்ணனா? பழைய சைக்கிள் ஒண்ணு குடுக்கணும். வரும்போது பிரேக் கட்டை எடுத்துட்டு வாங்க.”